இரும்பும் நம்பிக்கையும்
(பூட்டுடைப்பு வரலாற்றில் சில ஏடுகள்)

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை, அலுவலகத்திலிருந்து வீடு திரும்பியபோது, எங்கள் காலனிப் பிள்ளைகள் மூவர் என் வீட்டு இரும்புப் பீரோவின் முன் மண்டியிட்டு அமர்ந்திருந்தனர். ஒருவன் அதன் கதவில் காதைப் பதித்திருந்தான். மற்றொருவன் கைப்பிடியை மெல்ல மெல்லத் திருகிக்கொண்டிருந்தான். மூன்றாமவன் வாயிற்படியில் காவல் நின்றான். அன்று பிற்பகல் அவர்கள் பார்த்த படத்தில், கதாநாயகன் மருத்துவர் வைத்திருக்கும் குழாயை ஒரு வங்கிப் பெட்டகத்தின்மீது வைத்து, 'கிளிக்' என்னும் ஓசையைக் கேட்டே அரை நிமிடத்தில் அதனைத் திறந்துவிட்டானாம். "மாமா, உண்மையிலேயே அப்படித் திறக்க முடியுமா?" என்று காவல் நின்றவன் கேட்டான்.

அன்று விடை கூறாமல் சிரித்து அனுப்பிவிட்டேன். ஆயினும் அவ்வினா என்னை விடவில்லை. இரயில்வேயில் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்குப் பணப்பெட்டியும் முத்திரை மெழுகும் திறவுகோலும் புதியன அல்ல. ஆகவே பூட்டுகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதில் கண்டவற்றைச் சங்க ஆண்டு மலரின் வாயிலாக அப்பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்ற அன்பர்களுக்கும் விடையாக அளிக்கின்றேன்.

எண் பூட்டின் உள்ளே

முதலில் படத்தில் வந்த எண் பூட்டையே எடுத்துக்கொள்வோம். வெளியே 0 முதல் 99 வரை எண்கள் பொறித்த வட்டு ஒன்று இருக்கும். உள்ளே பெரும்பாலும் மூன்று சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் ஒரு வெட்டு உண்டு. உரிய மூன்று எண்களையும் முறைப்படி திருப்பினால், மூன்று வெட்டுகளும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும். அப்பொழுதுதான் ஒரு சிறு சட்டம் அவ்வெட்டுகளில் இறங்கித் தாழ்ப்பாளை விடுவிக்கும்.

நூறு எண்கள் மூன்று முறை எனின், கணக்குப்படி பத்து இலட்சம் சேர்க்கைகள் ஆகின்றன. ஒரு சேர்க்கைக்கு ஒரு நிமிடம் என்று கொண்டால், உண்ணாமல் உறங்காமல் திருப்பினாலும், எல்லாவற்றையும் முயன்று முடிக்க ஏறக்குறைய 694 நாள்கள் வேண்டும்.

அப்படியாயின் அந்த 'கிளிக்' ஓசை என்ன ஆயிற்று? அங்கேதான் படத்தின் பொய் இருக்கிறது. நல்ல பூட்டுகளில் அச்சட்டம் சக்கரங்களின்மேல் உராய்ந்துகொண்டே இருப்பதில்லை. சற்று விலகியே நிற்கும். ஆகையால் உரிய எண் கடந்து செல்லும்போது காதில் விழத்தக்க ஓசை எதுவும் எழுவதில்லை. தேர்ந்த பூட்டு வல்லுநர் உடைக்காமலே திறப்பதுண்டு, அது உண்மையே. ஆயினும் அவர் நம்புவது காதையன்று, கண்ணையும் விரலையும் பொறுமையையும். வட்டைத் திருப்பும்போது உள்ளுறுப்பு ஒன்று தொடும் இடம், சக்கரங்கள் நிற்கும் நிலைக்கேற்ப ஒரு கோட்டின் சிறு பகுதி அளவே நகரும். அந்நகர்வைப் பலமுறை அளந்து, கட்டத்தாளில் குறித்து, கோடு வரைந்து பார்த்தே எண்களைக் கண்டறிவர். இது மணிக்கணக்கில் நடக்கும் வேலை. படம் எடுப்பவர் இதனை உள்ளபடி காட்டினால் கொட்டகையில் ஒருவரும் அமர்ந்திருக்க மாட்டார்.

துளையிட்டுத் திறப்பதும் எளிதன்று. உயர்ந்த பெட்டகங்களில் பூட்டின் முன்னே கடினமாக்கிய எஃகுத் தகடு இருக்கும். சிலவற்றில் அதன் பின்னே கண்ணாடித் தகடு ஒன்றும் உண்டு. துளைக்கருவி பட்டுக் கண்ணாடி உடைந்தால், மறைந்திருக்கும் வேறு தாழ்ப்பாள்கள் பாய்ந்து கதவை மேலும் இறுக்கிவிடும்.

இவ்வளவையும் நோக்கின், 'இரும்பை வெல்ல முடியாது. ஆகவே கவலையில்லை' என்று எண்ணத் தோன்றும். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

பூட்டுப் போட்டி

1817-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் கப்பல் துறையில் கள்ளச் சாவி கொண்டு திருட்டு நடந்தது. வேற்றுச் சாவியால் திறக்க இயலாத பூட்டைச் செய்பவருக்குப் பரிசு உண்டு என அரசாங்கம் அறிவித்தது. ஜெரமையா சப் என்பவர் 1818-இல் ஒரு பூட்டைச் செய்தார். பிறர் எவரேனும் கைவைத்தால் அப்பூட்டு உள்ளே சிக்கிக்கொள்ளும்; உடையவர் அடுத்த முறை சாவியை இடும்போது, 'யாரோ முயன்றிருக்கிறார்கள்' என்பதை அச்சிக்கலே காட்டிக்கொடுக்கும். சிறைக் கப்பலில் கிடந்த பூட்டுத் தொழிலாளி ஒருவனிடம் அதனைக் கொடுத்து, திறந்தால் விடுதலை என்றனர். பல வாரங்கள் முயன்று தோற்றான்.

இலண்டன் பிக்கடில்லி வீதியில் பிராமா கம்பெனியாரோ, தம் கடையின் பலகணியில் ஒரு பூட்டை வைத்து, அதனைத் திறக்கும் கருவி செய்பவருக்கு 200 கினி பரிசு என எழுதிவைத்திருந்தனர். நெடுங்காலம் அதனைப் பெற்றவர் எவருமிலர்.

1851-இல் இலண்டனில் உலகப் பெருங்காட்சி நடந்தது. அதற்கு வந்த அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ், சப்பின் பூட்டைச் சாட்சிகள் முன்னிலையில் ஏறத்தாழ 25 நிமிடங்களில் திறந்து, சேதமின்றி மீண்டும் பூட்டியும் காட்டினார். பிராமா பூட்டைத் திறக்க அவருக்கு 16 நாள்களில் பரவிய 51 மணி நேர உழைப்பு வேண்டியிருந்தது. பரிசு அவருக்கே கிடைத்தது. தாங்கள் நம்பியிருந்த பூட்டுகள் தோற்றதைக் கண்டு இங்கிலாந்து மக்கள் கலங்கினர்.

ஆயினும் ஒன்று நோக்குக. பிராமா பூட்டைத் தனி அறையில், நாற்காலியில் அமர்ந்து, தம் கருவிகளை அதிலேயே பொருத்திவைத்து, நாள்தோறும் வந்து போகும் உரிமையோடு திறந்தார் ஹாப்ஸ். எந்தத் திருடனுக்கு 16 நாள்கள் அவகாசம் கிடைக்கும்? பூட்டு விலைக்கு வாங்கித் தருவது காலம் ஒன்றையே. அக்காலத்திற்குள் காவலன் வந்துவிடுவான் என்னும் நம்பிக்கையே பூட்டின் முழுப் பயன்.

காவலனே திருடனோடு சேர்ந்துவிட்டால்? அவ்வினாவுக்கு விடை நான்கே ஆண்டுகளில் கிடைத்தது. அதுவும் இரயிலில் கிடைத்தது.

ஓடும் வண்டியில் பொன்

1855 மே 15-ஆம் நாள் இரவு, இலண்டன் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து போக்ஸ்டன் துறைமுகத்திற்குச் செல்லும் வண்டியில், பாரிசுக்குப் போக வேண்டிய பொன் ஏற்றப்பட்டது. அதன் மதிப்பு ஏறத்தாழ 12,000 பவுன். பெட்டிகள் இரும்புப் பட்டை கட்டி முத்திரையிடப்பட்டவை. அவற்றைக் கார்டு வண்டியிலிருந்த இரும்புப் பெட்டகங்களில் வைத்துப் பூட்டினர். பெட்டகங்கள் சப் கம்பெனியாரின் செய்பொருள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பூட்டுகள், இரண்டு வெவ்வேறு சாவிகள்.

பெட்டிகள் கடல் கடந்து பிரான்சு சென்றன. பாரிசில் திறந்தபோது உள்ளே பொன் இல்லை. துப்பாக்கிக்கு இடும் ஈய ரவைகள் இருந்தன. முத்திரைகள் இருந்தபடி இருந்தன; பெட்டகங்களில் கீறலும் இல்லை. இங்கிலாந்தார் பிரான்சு நாட்டாரைக் குறை கூறினர். பிரான்சு நாட்டார் இங்கிலாந்தாரைக் குறை கூறினர்.

இந்நிகழ்ச்சியைக் கருவாக வைத்து மைக்கேல் கிரைட்டன் 1975-இல் ஒரு நாவல் எழுதினார். 1978-இல் அவரே அதனைப் படமாகவும் இயக்கினார். அப்படத்தில் கதாநாயகன் ஓடும் வண்டியின் கூரைமீது புகையினூடே தாவித் தாவிச் செல்வான். பார்ப்பவர் மூச்சடைத்துப்போவர். உண்மையில் எவனும் கூரைமீது ஏறவில்லை. திருடன் கார்டின் துணையோடு கார்டு வண்டிக்குள்ளேயே அமர்ந்து சென்றான்!

இதில் நால்வர் பங்குகொண்டனர். எட்வர்ட் ஏகர் என்பவன் கைதேர்ந்த திருடன். வில்லியம் பியர்ஸ் இரயில்வேயில் முன்பு வேலை பார்த்து விலக்கப்பட்டவன். ஜேம்ஸ் பர்ஜெஸ் வண்டியின் கார்டு. நான்காமவன் வில்லியம் டெஸ்டர். போக்குவரத்து மேலாளர் அலுவலகத்தில் குமாஸ்தா. இந்த நான்காவது பெயரைப் படித்தபோது என் கையிலிருந்த புத்தகம் சற்றுத் தாழ்ந்தது என்பதை மறைப்பானேன்? அவனும் என்னைப்போல் மேசைமுன் அமர்ந்து கடிதம் எழுதியவனே.

சாவிகளுள் ஒன்று காணாமற்போனதால், பெட்டகங்களைச் செப்பனிடச் சப் கம்பெனிக்கு அனுப்பினர். அவை புதிய சாவிகளோடு திரும்பி வந்தன. அதுபற்றிய கடிதப் போக்குவரத்து டெஸ்டர் கையில் இருந்தது. சிறிது நேரத்திற்குச் சாவிகளை வெளியே கொண்டுவந்து கொடுத்தான். ஏகர் மெழுகில் அச்செடுத்துக்கொண்டான். ஆனால் அவசரத்தில் டெஸ்டர் கொணர்ந்தவை ஒரே பூட்டுக்குரியவை. மற்றொரு சாவிக்கு என் செய்வது?

ஏகர் போக்ஸ்டனுக்குச் சென்றான். தன் பெயரைப் பொய்யாக மாற்றிக்கொண்டு, தனக்கே ஒரு பொற்பெட்டியை இரயிலில் அனுப்பச் செய்தான். அதனைப் பெற்றுக்கொள்ளும் சாக்கில் அலுவலகத்தினுள் சென்று, சாவியை எங்கிருந்து எடுக்கின்றனர் என்று பார்த்துக்கொண்டான். பின்னொரு நாள், கப்பல் வரும் நேரத்தில் சிப்பந்திகள் அலுவலகத்தை விட்டு வெளியே போயிருக்கையில், இருவர் உள்ளே நுழைந்தனர். சாவியை எடுத்து அச்செடுத்தனர். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியேறினர். இரண்டு பூட்டுகளின் காவலும் அத்துடன் முடிந்தது.

அச்சைக்கொண்டு அராவிய சாவிகள் உடனே பொருந்தவில்லை. ஏகர் பலமுறை பர்ஜெஸின் வண்டியில் பயணம் செய்து, சிறிது சிறிதாக அராவிப் பொருத்தினான். பர்ஜெஸே அவ்வண்டியில் வேலை பார்க்கும்படி முறைப்பட்டியலை அமைத்துக் கொடுத்தவன் டெஸ்டர். பொன் ஏற்றப்பட்ட இரவில், பர்ஜெஸ் நிலையத்தின் வெளியே வந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அதுவே சைகை. வண்டி நகர்ந்தது, பெட்டகங்கள் திறந்தன, பொன்னுக்கு ஈடாக ஈயம் நிறைந்தது, புதிய மெழுகில் முத்திரையும் விழுந்தது.

இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரும்புச் சுவர், முத்திரை, எடைச் சோதனை இவ்வளவும் இருந்தன. இவற்றுள் எதுவும் உடைக்கப்படவில்லை. உடைந்தது, ஊதியம் கொடுத்து நம்பியிருந்த இருவரின் நேர்மை.

முடிவையும் கேளுங்கள். ஓராண்டுக்கு மேல் துப்பு ஒன்றும் துலங்கவில்லை. இதற்கிடையே ஏகர் வேறொரு போலிக் காசோலைக் குற்றத்தில் அகப்பட்டு, ஆயுள் முழுதும் நாடு கடத்தும் தண்டனை பெற்றான். தன் பிள்ளையின் தாயாகிய பேனி கே என்பவளுக்குத் தன் பொருளைக் கொடுக்கும்படி பியர்ஸிடம் ஏற்பாடு செய்திருந்தான். பியர்ஸ் அதனைத் தானே விழுங்கிவிட்டான். ஏமாற்றப்பட்ட அப்பெண் 1856-இல் சிறை அதிகாரியிடம் சென்று முறையிட்டாள். ஏகரும் சினங்கொண்டு அரசுத் தரப்புச் சாட்சியாக மாறி அனைத்தையும் கூறிவிட்டான். பிறர் நம்பிக்கையை உடைத்துத் தேடிய பொருள், தமக்குள் இருந்த நம்பிக்கை உடைந்ததாலேயே வெளிப்பட்டது.

1857 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. வெளியாளாகிய பியர்ஸுக்கு இரண்டு ஆண்டுச் சிறை. இரயில்வே ஊழியர்களாகிய பர்ஜெஸுக்கும் டெஸ்டருக்கும் 14 ஆண்டுகள் நாடு கடத்தல். அதற்குள் டெஸ்டர் ஸ்வீடன் நாட்டு இரயில்வே ஒன்றில் உயர்ந்த பதவியில் அமர்ந்திருந்தான், அத்தனையும் போயிற்று. பியர்ஸின் தண்டனை குறைந்தது முறைதானா என்று கேட்கலாம். ஆனால் சட்டத்தின் கண்ணில் வெளியாளின் திருட்டு வேறு. நம்பி வைத்த பணியாளின் திருட்டு வேறு. நம் நாட்டிலும் 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் சாதாரணத் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரையும், குமாஸ்தாவோ பணியாளோ எசமானின் பொருளைத் திருடினால் ஏழு ஆண்டு வரையும் சிறை விதித்தது. அதன் இடத்தில் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அவ்வேறுபாட்டை விடவில்லை.

மனிதனை வெல்லும் வழிகள்

இரும்பை வெல்வதைவிட மனிதனை வெல்வது எளிது என்பதைத் திருடர் விரைவில் கற்றுக்கொண்டனர். அன்பினாலோ ஆசையினாலோ வசப்படாதவனை அச்சத்தினால் வசப்படுத்தினர். 1876 ஜனவரியில் அமெரிக்காவில் நார்தாம்டன் என்னும் ஊரில், கொள்ளையர் வங்கிக் காசாளரின் வீட்டுக்குள் நள்ளிரவில் புகுந்து, அவரைத் துன்புறுத்திப் பூட்டின் எண்களைப் பெற்று வங்கியைக் காலி செய்தனர். பாவம், அவர் என் செய்வார்? இத்தகைய கொடுமைக்கு மாற்றாகவே ஜேம்ஸ் சார்ஜென்ட் என்பவர் 1873-இல் காலப் பூட்டை அமைத்திருந்தார். கடிகாரத்தோடு இணைந்த அப்பூட்டு, குறித்த நேரம் வரும்வரை சரியான எண்ணுக்கும் திறவாது. காசாளரே விரும்பினாலும் திறக்க முடியாது என்பதே காசாளரின் உயிருக்குக் காவலாயிற்று.

இன்னொரு வழி, மனிதனின் சோம்பல். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அணுகுண்டு ஆராய்ச்சி நடந்த லாஸ் அலமாஸில், பின்னர் நோபல் பரிசு பெற்ற பௌதிக அறிஞர் ரிச்சர்ட் பெயின்மன் பொழுதுபோக்காகப் பெட்டிகளைத் திறந்து காட்டுவார். தம் வித்தையின் இரகசியத்தை அவரே பிற்காலத்தில் எழுதினார். ஒரு நண்பரின் அறையில் பெட்டி திறந்து கிடக்கும்போது, பேசிக்கொண்டே வட்டைத் திருப்பிப் பார்த்து, கடைசி இரண்டு எண்களை அறிந்து வைத்துக்கொள்வாராம். மேலும் அப்பூட்டுகள் எண் இரண்டு முன்பின் தவறினாலும் திறந்தன. ஆகவே நூறு எண்களுக்கு ஈடாக இருபதை முயன்றாலே போதும். பத்து இலட்சம் சேர்க்கைகள் எட்டாயிரமாகச் சுருங்கிவிட்டன. ஒருமுறை மிக இரகசியமான தாள்கள் இருந்த பெட்டிகளை 27, 18, 28 என்னும் எண்களால் திறந்தார். கணிதம் கற்றவர் அறிந்த ஒரு மாறிலியின் இலக்கங்கள் அவை; பெட்டிக்கு உரியவர் மறவாதிருக்க அதனையே வைத்திருப்பார் என்று ஊகித்தார்; ஊகம் பலித்தது.

அவர் ஓர் உயர் அதிகாரியிடம், "பெட்டிகளைத் திறந்துபோட்டு வேலை செய்யாதீர்கள்" என்று எச்சரித்தார். அதிகாரி என்ன செய்தார் தெரியுமா? பெயின்மன் யார் யார் அறைக்கு வந்தார் என்று விசாரித்து, அவர்களை எண்ணை மாற்றிக்கொள்ளும்படி சுற்றறிக்கை விட்டார்! ஓட்டையை அடைக்காமல் ஓட்டையைக் காட்டியவனை விலக்கும் வழக்கம் நம் அலுவலகங்களுக்கு மட்டும் உரியதன்று போலும்.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு நிகழ்ச்சி. 2016 ஆகஸ்டில் சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்கு வந்த வண்டியில், ரிசர்வ் வங்கிக்குரிய ஏறத்தாழ 342 கோடி ரூபாய் பழைய நோட்டுகள் வந்தன. எழும்பூரில் திறந்து பார்த்தபோது, பெட்டியின் கூரையில் ஆள் நுழையும் ஓட்டை இருந்தது. 5 கோடியே 78 இலட்சம் ரூபாயைக் காணவில்லை. காவலர்கள் அதே வண்டியில்தான் வந்தனர். 2018-இல் குற்றவாளிகள் பிடிபட்டனர். கதவில் பூட்டும் முத்திரையும் இருந்தன; அவற்றைத் திருடர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காவல் எங்கே கண்வைத்திருக்கவில்லையோ அங்கே கைவைத்தனர். இங்கு உண்மையே கூரைமீது ஏறியது. ஆனால் அதுவும் பூட்டை வென்ற கதையன்று.

நம் பெட்டியும் நம் வீடும்

இவற்றையெல்லாம் அறிந்தவர்களே நம் இரயில்வே முறைகளை அமைத்தனர். சிறு நிலையங்களின் அன்றாட வருமானத்தைத் தோல் பையில் இட்டு, முத்திரை வைத்து, கார்டு வண்டியிலுள்ள பணப்பெட்டியின் வாயில் போடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. உள்ளே விழுந்ததை வெளியே எடுக்கக் கை நுழையாது. சாவி கார்டிடமும் இல்லை, நிலைய அதிகாரியிடமும் இல்லை. பணம் எண்ணும் அலுவலகத்தில் சாட்சிகள் முன்னிலையில்தான் பெட்டி திறக்கும். இன்று பல நிலையங்களில் வங்கியாரே வந்து பணத்தைப் பெற்றுச் செல்கின்றனர். வேலையில் சேர்ந்த புதிதில், 'இத்தனை கையெழுத்தும் சாட்சியும் எதற்கு? நம்மை நம்பவில்லையா?' என்று நான் நினைத்ததுண்டு. டெஸ்டரின் கதையைப் படித்த பின்னர் அவ்வாறு நினைப்பதில்லை. அக்கையெழுத்துகள் என்னைச் சந்தேகிப்பதற்கு மட்டும் அல்ல. பணம் குறைந்த நாளில், குற்றமற்ற என்னைக் காப்பதற்கும் அவையே சாட்சி.

நம் வீடுகளுக்கு வருவோம். திண்டுக்கல் கம்மியரின் கைத்திறன் உலகறிந்தது. அப்பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பம்பாயில் அர்தேஷிர் கோத்ரெஜ் 1897-இல் தொடங்கிய பூட்டுத் தொழிலின் பீரோக்கள் நம் காலனியில் பல இல்லங்களில் நிற்கின்றன. பூட்டில் குறையில்லை. ஆனால் அதன் சாவி எங்கே இருக்கிறது? அரிசிப் பானையில், சாமி படத்தின் பின்னால், தலையணையின் கீழ். போக்ஸ்டன் அலுவலகத்துச் சாவிக்கும் நம் வீட்டுச் சாவிக்கும் வேறுபாடு என்ன? எண் பூட்டு வைத்திருப்போரோ மூத்த பிள்ளையின் பிறந்த நாளை எண்ணாக வைத்திருப்பர். பிறந்த நாள் விழாவுக்கு ஊரையே அழைத்தவர் நாமேயன்றோ!

கோடையில் நாம் சொந்த ஊர் செல்லும்போது வீட்டைப் பூட்டிச் சாவியை அண்டை வீட்டாரிடம் கொடுத்துச் செல்கின்றோம். ஒரு மாதம் கழித்து வந்து பார்த்தால், செடிகள் வாடாமல் இருக்கும். தபால்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். சில வேளை பாலும் காய்ச்சி வைக்கப்பட்டிருக்கும். பிறந்த மண்ணைவிட்டு வந்து வேற்று மொழி பேசும் ஊரில் வாழும் நமக்கு, இதைவிட உறுதியான பூட்டு எது? இதனை எந்தத் தொழிற்சாலையும் செய்வதில்லை. இது உடைந்தால் செப்பனிட்டுத் தருவாரும் இல்லை.

ஆகவே, காவல் நின்ற தம்பிக்கு என் விடை இது: காதை வைத்துக் கேட்டால் இரும்பு எதையும் சொல்லாது. இரும்பின் இரகசியத்தை எப்போதும் மனிதனே சொல்லியிருக்கிறான்; ஆசையால், அச்சத்தால், அல்லது சோம்பலால். நீ வளர்ந்து ஒரு நாள் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் அமர்வாய். உன் கையிலும் ஒரு சாவியை நம்பிக் கொடுப்பார்கள். அன்று அப்பூட்டின் உறுதி முழுவதும் உன்னிடத்தில்தான் இருக்கும்.